11 அடி ஹாலுக்குள் வளைவு சோஃபா அடங்குமா?

புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகக் காத்திருக்கும் வாசகி ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். வீட்டில் கணவர், 4 வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமனார், மாமியார், கூடவே ஒரு பூனை. ஹால் 11 அடி அகலம், 18 அடி நீளம். டிசைனர் முப்பரிமாணப் படங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெள்ளை பூக்ளே (சுருள் நூல்) துணி போர்த்திய வளைவு சோஃபா (நீளம் 270 செ.மீ., வளைவையும் சேர்த்து ஆழம் 140, இருக்கை உயரம் 38), டிவிக்குப் பின்னால் சுவர் முழுக்க வரிவரியாகக் குழித்த ஃப்ளூட்டட் பேனல், கைப்பிடியே இல்லாத கருநீல மேட் கிச்சன், அதற்கு மேல் கதவில்லாத திறந்த தட்டுகள், ஹால் முழுவதும் ஃபால்ஸ் சீலிங், அதில் கோடு கோடாக எல்இடி விளக்கு. கிச்சன் கதவுகளுக்கு எம்டிஎஃப் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மாமியார், "அட்டையிலயா செய்வாங்க?" என்கிறார். சுவரெல்லாம் வெள்ளையாக இருந்தால்தான் வீடு பெரிதாகத் தெரியும் என்பது கணவரின் கட்சி. 10 சதவீத முன்பணம் கொடுத்தாயிற்று, இனி எதையும் மாற்ற முடியாது என்று வாசகி நம்புகிறார். அவர் கேட்பது மூன்று: இதெல்லாம் 3 வருஷத்தில் பழசாகிவிடுமா? இந்தப் படத்தை வேறு ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாமா? மாமியாரின் பழைய மர அலமாரியைத் தள்ளிவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

பழசாகத்தான் செய்யும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நிறங்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் பான்டோன் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு நிறத்தை அறிவிக்கிறது. 2023-ல் பளீரென்ற விவா மஜெந்தா, 2024-ல் வெளிறிய பீச் ஃபஸ், 2025-ல் காப்பிப் பழுப்பில் மோக்கா மூஸ். மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் பின்னால் ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் வேறொன்றைக் கேட்பேன்: பிடிக்காமல் போனால் கழற்ற எவ்வளவு பாடு? குஷன் உறை என்றால் பத்து நிமிஷம். ஒரு சுவரின் பெயின்ட் என்றால் ஒரு நாள். பசை போட்டு ஒட்டிய பேனல் என்றால், பிய்க்கும்போது சுவர்ப் பூச்சும் கூடவே பெயர்ந்து வரும். பட்டி பார்த்து, காயவிட்டு, மறுபடி பெயின்ட் அடிக்க ஒரு வாரம் போகும். ஃபால்ஸ் சீலிங் என்றால் சாமான்களையெல்லாம் மூடிவைத்துவிட்டு நீங்கள் வேறெங்காவது தங்க வேண்டும். உங்கள் படத்தில் இருக்கும் ஃபேஷன் முழுக்க இந்தக் கடைசி இரண்டு வகையிலும், மாற்றச் செலவாகும் சோஃபாவிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. குஷன், விரிப்பு, திரைச்சீலை, மேசை விளக்கு எல்லாமே படத்தில் சாதுவாக இருக்கின்றன. இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

சோஃபாவுக்கு முன்னால் டேப்

11 அடி என்பது 335 செ.மீ. டிவி யூனிட்டுக்கு 45 போகிறது. வளைவு சோஃபாவுக்கு 140, முதுகு சுவரில் உரசாமலிருக்க 10. மிச்சம் 140. அதில் 60 செ.மீ. டீப்பாய் போட்டு, சோஃபாவில் இருந்தபடியே கை எட்டுவதற்கு 40 விட்டால், டீப்பாய்க்கும் டிவி யூனிட்டுக்கும் இடையில் நடக்க 40 செ.மீ.தான் தேறும். ஒருவர் சிரமமில்லாமல் நடக்க 75 வேண்டும், 90 இருந்தால் நல்லது. 40-ல் ஒருக்களித்துத்தான் போக முடியும். முழங்கால் வலியோடு மாமனார் அப்படிப் போகக் கூடாது. அதே இடத்தில் 90 செ.மீ. ஆழமுள்ள நேர் சோஃபாவைச் சுவரிலிருந்து 5 விட்டுப் போட்டால் நடைபாதை 95 ஆகிவிடும். வளைவு சோஃபாவின் இரண்டு முனைகளுக்கும் பின்னால் முக்கோணமாக இடம் வீணாவது தனிக்கணக்கு. சுவரை ஒட்டாமல் அறையின் நடுவே நிற்பதற்காகவே அமைந்த சாமான் அது. பெரிய ஹாலில் அழகுதான், மறுக்கவில்லை.

"படத்தில் இடம் தாராளமாக இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பரிமாணப் படத்தில் கேமராவை அகலக் கோணத்தில் வைப்பார்கள், சில சமயம் சுவருக்கு வெளியிலிருந்தேகூடப் பார்ப்பார்கள். 11 அடி 15 அடியாகத் தெரியும். காலி வீட்டுக்குப் போய், பெயின்டர்கள் ஒட்டும் டேப்பால் சோஃபா, டீப்பாய், டிவி யூனிட் மூன்றின் வெளிக்கோட்டையும் தரையில் ஒட்டி, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு தரம் நடந்து பாருங்கள். அரை மணி நேர வேலை.

உயரத்துக்கு வருவோம். 38 செ.மீ. இருக்கையில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து போகும். எழும்போது உடம்பின் பாரம் முழுக்க முழங்காலில் இறங்கும். வளைவு சோஃபாக்களில் பெரும்பாலும் கைப்பிடி இருக்காது, ஊன்றி எழவும் வழியில்லை. மாமனாருக்கு 45 முதல் 48 செ.மீ. உயரமும், 50 முதல் 55 செ.மீ. இருக்கை ஆழமும், கெட்டியான கைப்பிடியும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே சோஃபா என்று கட்டாயமில்லை. அவருக்குத் தனியாக ஒரு கைப்பிடி நாற்காலி போட்டுவிட்டு, சோஃபாவை உங்கள் இஷ்டத்துக்கு 42-ல் வைத்துக்கொள்ளலாம். வளைவு மோகம் விடவில்லை என்றால் அதை டீப்பாய்க்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் கொடுங்கள். மகள் ஓடி விளையாடும் வீட்டில் வட்ட டீப்பாய் உண்மையிலேயே உபகாரம், நெற்றி தப்பும்.

மெத்தென்று இருந்தால் நல்ல ஃபோம் என்று நினைத்துவிடாதீர்கள். மென்மை வேறு, அடர்த்தி வேறு. இருக்கை ஃபோமின் அடர்த்தி கன மீட்டருக்கு 32 முதல் 40 கிலோ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடையில் சுகமாக அமுங்கும் 20 கிலோ ஃபோம் ஒரே வருஷத்தில் குழி விழுந்துவிடும்.

இனி பூக்ளே. அதன் அழகே நூல் சுருள்சுருளாக மேலே துருத்தி நிற்பதில்தான் இருக்கிறது. பூனையின் நகம் ஒரு சுருளில் மாட்டினால் அது இழுபட்டு நீளும். பக்கத்திலிருக்கும் நாலைந்து சுருள் உள்ளே சுருங்கி அங்கே ஒரு கோடு விழும். வெட்டிவிட்டால் இழை பிரியும். ஊசியால் பின்பக்கம் இழுத்துவிடலாம், ஆனால் போர்த்திய சோஃபாவில் பின்பக்கம் கைக்கு எட்டாது. பூனை இருக்கும் வீட்டுக்கு வெட்டுமுடி வெல்வெட்டோ நெருக்கமான தட்டை நெசவோதான் சரி. நகம் மாட்ட அதில் சுருள் கிடையாது. துணியின் உராய்வுத் தாங்கலை மார்ட்டின்டேல் எண்ணில் சொல்வார்கள், தினசரிப் புழக்கத்துக்கு 25,000-க்கு மேல் கேளுங்கள். உறையில் ஜிப் இருந்தால் கழற்றித் துவைக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். பல சோஃபாக்களில் அந்த ஜிப், தொழிற்சாலையில் ஃபோமைத் திணிப்பதற்காக வைத்தது. துவைத்தால் துணி சுருங்கி மறுபடி ஏறாது. "துவைக்கலாமா, எத்தனை டிகிரி நீரில்?" என்று கேட்டு, அதையும் எழுதி வாங்குங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி

எம்டிஎஃப் அட்டை அல்ல. மரத்தை நாராக்கிப் பசையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தி எடுத்த பலகை அது. அதில் ரேகை இல்லாததால் பெயின்ட் கண்ணாடி போலப் படியும். வரி குழித்தாலும் சிம்பு எழும்பாது. பிளைவுட்டில் அதே வரியைக் குழித்தால் அடுக்கடுக்காகப் பிசிறு தெரியும். ஆகவே பெயின்ட் அடித்த கிச்சன் கதவுக்கு எம்டிஎஃப் சரியான தேர்வுதான். ஆனால் இரண்டு பக்கமும் பூச வேண்டும். உள்பக்கம் சும்மா விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துக் கதவு வில்லாக வளையும்.

மாமியார் ஜெயிக்கும் இடம் கதவு மாட்டும் பெட்டி, அதிலும் சிங்குக்குக் கீழுள்ள பெட்டி. எம்டிஎஃப் கெடுவது முகத்தில் அல்ல, ஓரத்தில். சிங்கிலிருந்து வழியும் துளி கதவின் கீழ் விளிம்பில் போய் நிற்கும். விளிம்பு நன்றாக மூடியிராவிட்டால் நாலைந்து மாதத்தில் அந்த ஓரம் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும், பிறகு பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும். ஊதிய எம்டிஎஃப் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. சிங்க் பெட்டிக்குக் கொதிநீர் தாங்கும் தர பிளைவுட் போடச் சொல்லுங்கள். குழாய்க்காகப் பின்பலகையில் வெட்டிய ஓட்டையின் பூச்சில்லாத ஓரங்களுக்கு சீலர் பூச வேண்டும். நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பெட்டிகள் தரையில் உட்காராமல் 10 செ.மீ. கால்களில் நிற்கட்டும். கீழே மறைக்கும் பலகை கையால் கழற்றும்படி இருக்கட்டும்.

இன்னொன்று. பச்சை நிற எம்டிஎஃப் என்றால் தண்ணீர் புகாது என்று கடையில் சொல்வார்கள். பச்சை வெறும் அடையாளச் சாயம். அந்தப் பலகை ஈரப்பதத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. தண்ணீரில் நின்றால் அதுவும் ஊதும்.

கீல் பொருத்த 35 மி.மீ. அகலத்தில் சுமார் 12 மி.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். 18 மி.மீ. கதவில் மிச்சம் 6 மி.மீ.; 16-ல் 4 மி.மீ.தான். செலவு குறைக்கிறேன் என்று கதவின் தடிமனைக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2 மீட்டர் உயரமுள்ள கதவுக்கு 4 கீல் வேண்டும், மூன்றில் நிறுத்தினால் ஒரு வருஷத்தில் தொங்கும்.

கைப்பிடி இல்லாத கிச்சனில் இரண்டு வகை உண்டு. தள்ளினால் திறப்பது ஒன்று, மேல் விளிம்பில் அலுமினியப் பள்ளம் வைத்து விரல் நுழைத்து இழுப்பது மற்றொன்று. நான்கு வயதுக் குழந்தை சாய்ந்தாலே முதல் வகை திறந்துகொள்ளும். மெதுவாக மூடும் கீலும் அதனோடு எளிதில் ஒத்துப்போகாது. இரண்டும் சேர்ந்த அமைப்பு வேண்டுமென்றால் செலவு ஏறும். இரண்டாவதை எடுங்கள். பள்ளத்தில் துணுக்கு சேரும், ஈரத்துணியால் ஒரு இழுப்பில் போய்விடும். கருநீல மேட்டைப் பொறுத்தவரை, மாதிரித் துண்டை வீட்டுக்கு வாங்கி வந்து எண்ணெய் தொட்ட விரலை வைத்து, காய்ந்த துணியால் துடையுங்கள். தடம் போகவில்லை என்றால் விரல்தடம் தாங்கும் ரகத்தைக் கேளுங்கள், அல்லது ஒரு படி வெளிர் நிறத்துக்கு வந்துவிடுங்கள்.

திறந்த தட்டு ஒன்று போதும், அதுவும் அடுப்பை விட்டுத் தள்ளி. எண்ணெய் ஆவி படிந்து அதன் மேல் தூசி ஒட்டினால் பிசுக்கை வாரா வாரம் தேய்க்க வேண்டிவரும். தினமும் எடுத்துப் புழங்கும் பாத்திரம் மட்டும் அங்கே இருந்தால் தூசி படிய நேரமிருக்காது. படத்தில் அந்தத் தட்டு 120 செ.மீ. நீளத்துக்குத் தாங்கலே இல்லாமல் மிதக்கிறது. அடிக்கு இவ்வளவு என்று ஒரே சீரான பாரத்தை நீளம் முழுக்க வைத்தால், நீளம் இரு மடங்காகும்போது தொய்வு 16 மடங்காகும். பௌதிகத்தோடு பேரம் பேச முடியாது. 18 மி.மீ. பலகை என்றால் 75 செ.மீ.க்கு ஒரு தாங்கல் வையுங்கள்.

ஃப்ளூட்டட் பேனலைச் சுவர் முழுக்க வேண்டாம் என்பேன். வரிக்குள் தூசி இறங்கும், துணியால் எடுக்க முடியாது, பிரஷ்தான் கதி. கிரேயான் பிடித்த மகளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிவி அகலத்துக்கு மட்டும், தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேலே ஆரம்பித்துப் போடலாம். பேனலில் நேராக டிவியைத் திருகக் கூடாது. பின்னால் சுவரோடு பிடித்த 18 மி.மீ. பிளைவுட் இருக்க வேண்டும், பிராக்கெட் அதில்தான் நிற்கும். வயர் மாற்ற ஒரு பேனலாவது கழற்றும்படி இருக்கட்டும். மலிவாக வரும் லேசான பேனல்களில் பல பாலிஸ்டைரீன். எளிதில் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வரி வேண்டும் என்ற ஆசைக்கு அலமாரிக் கதவில் வரிக் கண்ணாடி பொருத்திப் பாருங்கள். உள்ளே இருப்பதை மங்கலாக்கும், துடைக்கவும் சுலபம்.

விளக்கில் சுருக்கமாகச் சொல்கிறேன். முழு ஃபால்ஸ் சீலிங் 15 முதல் 20 செ.மீ. உயரத்தைத் தின்னும். 11 அடி அகலத்தில் அது குகை போல் ஆகிவிடும். ஓரத்தில் மட்டும் பட்டையாக இறக்கி நடுவை விட்டுவிடுங்கள். ஹாலில் எல்லா விளக்கும் ஒரே ஒளிநிறத்தில், 2700 அல்லது 3000 கெல்வின், ஏதாவது ஒன்று. இரண்டையும் கலந்தால் ஒரு சுவர் மஞ்சள், ஒரு சுவர் வெளிறல். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் நிறத்துல்லிய எண் (சிஆர்ஐ) 90-க்கு மேல் இருக்கட்டும். எல்இடி பட்டையை அலுமினியத் தடத்தில் வைத்து மேலே பால்நிற மூடி போட வேண்டும். பட்டைக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான டிரைவருக்கு 20 சதவீதம் உபரி வேண்டும்: மீட்டருக்கு 10 வாட் வீதம் 5 மீட்டர் என்றால் 60 வாட் டிரைவர். முதலில் பழுதாவது டிரைவர்தான், எனவே அதைக் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சீலிங்குக்குள் புதைத்தால் ஒரு சின்னப் பெட்டியை மாற்ற ஜிப்சத்தை உடைக்க வேண்டிவரும்.

கணவரிடம் சொல்லுங்கள்: வெள்ளை தானாக வெளிச்சம் உண்டாக்காது, வரும் வெளிச்சத்தைத் திருப்பித்தான் கொடுக்கும். ஜன்னல் சிறிதாக இருக்கும் அறையில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத் தெரியும். 60 செ.மீ. சதுர அட்டையில் இரண்டு கோட் பூசி, காலையும் மாலையும், இரவில் விளக்குப் போட்டும் நாலு சுவரிலும் சாய்த்துப் பாருங்கள். நேரடியாகச் சுவரில் பூசிப் பார்த்தால் பக்கத்திலிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உயரமான அலமாரி, டிராயர் அடுக்கு எல்லாவற்றையும் இரும்புப் பட்டையால் சுவரோடு பிடிக்கச் சொல்லுங்கள். குழந்தை கீழ் டிராயரைப் படியாக்கி ஏறினால் அடுக்கு முன்னால் சாயும். இது படத்தில் வராது, எஸ்டிமேட்டிலும் பெரும்பாலும் வராது. பலகைகளின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவில் ஈ1 தரமாவது கேளுங்கள். வேலை முடிந்த பின் ஜன்னல்களைத் திறந்து வைத்து, வாடை அடங்கிய பிறகு குடிபோங்கள்.

முன்பணமும் கையெழுத்தும்

முன்பணம் கொடுத்ததால் மாற்ற முடியாது என்பது தவறான நம்பிக்கை. பொதுவாக வாசலை மூடுவது இறுதி அளவெடுத்த வரைபடத்தில் நீங்கள் போடும் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் பலகை வெட்டத் தொடங்குவார்கள். வெட்டிய பலகையை ஒட்ட வைக்க முடியாது, அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழும். நீங்கள் இன்னும் அந்தக் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், ஆகவே முதலில் கையிலுள்ள ஒப்பந்தத்தில் 'மாற்றம்', 'ரத்து' என்று வரும் பத்திகளைப் படியுங்கள். மாற்றங்களை மொத்தமாக ஒரே பட்டியலாக எழுதி அனுப்புங்கள். போனில் சொன்னதையும் அன்றே எழுத்தில் உறுதிப்படுத்திவிடுங்கள். தினம் ஒன்றாகச் சொன்னால் எந்த டிசைனருக்கும் பொறுமை போகும், அதில் தப்பில்லை.

எஸ்டிமேட்டில் "நல்ல தர பிளைவுட்" என்று இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பலகையின் பிராண்ட், தரம், தடிமன், கீல் மற்றும் டிராயர் ரெயிலின் மாடல், விளிம்புப் பட்டையின் தடிமன் (புழங்கும் ஓரங்களுக்கு 2 மி.மீ.), பெயின்ட் எத்தனை கோட், இவ்வளவும் வேண்டும். பணத்தைத் தேதிக்கு அல்ல, வேலைக்குக் கட்டுங்கள்: பலகை வந்திறங்கியதும் ஒரு பங்கு, பெட்டிகள் நின்றதும் ஒரு பங்கு என்று. குறைகளைச் சரிசெய்யும் வரை 5 முதல் 10 சதவீதத்தை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே இடம் கேளுங்கள். உத்தரவாதத்திலும் ஒரு கண்: கீலுக்குக் கம்பெனி தருவது கீலுக்கு மட்டும்தான். கதவு தொங்கினால் யார் வந்து பார்ப்பார் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

வேறு ஆசாரியிடம் படத்தைக் கொடுக்கலாமா என்றால், இரண்டு சிக்கல் இருக்கிறது. வரைபட உரிமை டிசைனருக்கே என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். அடுத்தது, முப்பரிமாணப் படத்தை வைத்து எந்த ஆசாரியாலும் பலகை வெட்ட முடியாது. அவருக்கு வேண்டியது மில்லிமீட்டர் போட்ட வேலை வரைபடம், அது உங்களிடம் இன்னும் இல்லை. வடிவமைப்புக் கட்டணத்தை மட்டும் கொடுத்து வேலை வரைபடத்தை வாங்கிக்கொண்டு பிரிவது சாத்தியமா என்று டிசைனரிடமே நேராகக் கேளுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அப்புறம் அளவு பிசகினால் பழி உங்கள் பக்கம். இந்த டிசைனரின் வேலைத் தரத்தில் உங்களுக்குக் குறை இல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாற்றங்களோடு அவரிடமே தொடர்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக மாமியாரின் அலமாரி. அதைத் தள்ளாதீர்கள். அடர்பழுப்பு மரச் சாமான்கள் மறுபடி மோஸ்தருக்கு வந்திருக்கின்றன என்பது ஒரு பக்கம். முழு மரத்தில் பொருத்து வைத்துச் செய்த பெட்டியை இன்று புதிதாகச் செய்யச் சொன்னால் உங்கள் சோஃபா பட்ஜெட் காலியாகிவிடும். பூச்சி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: சின்னத் துளைகளுக்குக் கீழே புதிதாக மாவு கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, மருந்து வைக்காமல் புது வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மாவு இல்லையென்றால் பெரும்பாலும் பழைய ஓட்டைதான். அலமாரிக்கு முழுக்க வெள்ளை பெயின்ட் அடிக்கும் யோசனை இருந்தால் விடுங்கள். பின்னால் மனம் மாறினால் செதுக்கல்களுக்குள் போன பெயின்டைச் சுரண்டி எடுக்க முடியாது. ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பாலிஷ் போட்டால் போதும். டிராயர் சிக்குகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை வெளியே இழுத்துத் தலைகீழாக வைத்து, உரசி உரசிப் பளபளப்பேறிய, அடிப்பக்கத்து ஓரங்கள் இரண்டிலும் சாதாரண மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.